கொல்லாதீர் என்ற கட்டளை தொட்டிக்குள்ளும்தான்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் நம் சமுதாயக் குடும்பங்களின் வரவேற்பறைகளில் மீன் தொட்டி இருப்பது புதிதல்ல. அண்மைக் காலமாக அத்தொட்டிகளுக்குள் மீன்களோடு இன்னொரு சிற்றுயிரும் குடியேறியிருக்கிறது. கட்டைவிரலைவிடச் சிறியது, சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், கரும்புள்ளிகள், நான்கு கால்களையும் விரித்தபடி நீரில் அசையாது மிதக்கும் வழக்கம். கடைக்காரர்கள் இதனை ‘ஆப்பிரிக்கன் ஃப்ராக்’ என்கின்றனர். நீரிலேயே வாழும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை இது. மக்தபுக்கு வரும் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, பெற்றோர்களும் நம்மிடம் மஸ்அலா கேட்கத் தொடங்கினர்.

ஹஜ்ரத், தவளை நஜீஸா? தொட்டால் உளூ முறியுமா? அது இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள் வருவார்களா? இந்த மூன்று கேள்விகளையும் நாம் பலமுறை கேட்டுவிட்டோம். இது என்ன சாப்பிடும், எந்த நீரில் வாழும், நம் பராமரிப்பில் இது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இக்கட்டுரையை எழுத நேர்ந்தது அதனால்தான்.

கேட்ட கேள்விகளுக்கான பதில் சுருக்கமானது. உயிருள்ள தவளை நஜீஸ் அல்ல. அதைத் தொடுவதால் உளூ முறியாது. மலக்குகள் நுழையாத வீட்டைப் பற்றிய ஹதீஸில் நாயும் உருவப்படமும் கூறப்பட்டுள்ளன, தவளை கூறப்படவில்லை. பெற்றோர்கள் இத்துடன் நிம்மதி அடைந்து எழுந்துவிடுகிறார்கள். நாம் அவர்களை எழ விடாமல் இன்னும் சற்று நேரம் உட்கார வைக்க விரும்புகிறோம். ஏனெனில், தவளையைப் பற்றி மார்க்கம் நேரடியாகவே ஒரு கட்டளை இட்டிருக்கிறது. அது சுத்தத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது.

மருத்துவர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம், மருந்தில் தவளையைச் சேர்ப்பது குறித்துக் கேட்டார். தவளையைக் கொல்வதை நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு உஸ்மான் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் நஸாயீயிலும் பதிவாகியுள்ளது. தவளையை உண்ணக் கூடாது என்ற பெரும்பாலான அறிஞர்களின் முடிவுக்கும் இதுவே ஆதாரம்; மாலிக்கி மத்ஹபில் மாற்றுக் கருத்து உண்டு என்பது வேறு விஷயம். (தவளையின் சப்தம் தஸ்பீஹ் என்றும், இப்ராஹீம் நபியின் நெருப்பை அணைக்க அது முயன்றது என்றும் மேடைகளில் சொல்லப்படும் செய்திகளை நாம் இங்கே சான்றாகக் கொள்ளவில்லை. மேற்கண்ட ஹதீஸே போதுமானது.) இந்த ஹதீஸில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உள்ளது. கேட்டவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. நோயாளிக்கு மருந்து செய்யக் கேட்டார். மனிதனின் நோய் தீர்க்கும் நோக்கத்துக்கே அனுமதிக்கப்படாத ஒன்று, வரவேற்பறையின் அழகுக்காக எப்படி அனுமதிக்கப்படும்?

‘நாங்கள் கொல்லவில்லையே ஹஜ்ரத், வளர்க்கத்தானே செய்கிறோம்’ என்பார்கள். அந்த வளர்ப்பின் இலட்சணத்தைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

காங்கோ ஆற்றுப் படுகையும் அதைச் சுற்றியுள்ள மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பகுதிகளும் இத்தவளையின் தாயகம். அங்கே மர நிழலில், ஆழமும் வேகமும் இல்லாத வெதுவெதுப்பான நீரில் இது வாழ்கிறது. வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருந்தாலும் மீனைப் போல இதற்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். ஆகவே மூச்சுவிட அவ்வப்போது மேற்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும். நாக்கு இல்லை. பார்வையும் கூர்மையானது அல்ல. வாசனையைக் கொண்டும் நீரின் அசைவைக் கொண்டும் இரையைத் தேடிக் கண்டுபிடித்து, முன்னங்கால்களால் வாய்க்குள் தள்ளும். இரை வாய்க்கு வந்து சேரவே நெடுநேரம் பிடிக்கும். நன்கு பராமரித்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆண் தவளை இரவில் நீருக்கடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுப்பும். ஏர் பம்ப் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றிப் பார்த்தவர்களை நாம் அறிவோம்.

இப்படிப்பட்ட உயிரை நம்மவர்கள் வாங்கி வந்து எங்கே விடுகிறார்கள்? கோல்ட் ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் சுற்றித் திரியும் தொட்டியில் விடுகிறார்கள். காலையில் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தூவுகிறார்கள். மிதக்கும் அந்தத் துகள்களை மீன்கள் அரை நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். கீழே கிடக்கும் தவளை, உணவு போடப்பட்டது என்பதை உணரும் முன்பே உணவு முடிந்துவிட்டிருக்கும். தவளைக்கு அத்துகள்கள் ஏற்ற உணவும் அல்ல. அதற்குத் தேவை ரத்தப்புழு போன்ற மாமிச உணவு, அதுவும் அதன் முகத்தருகே மூழ்கி வந்து சேர வேண்டும். வாரக்கணக்கில் இப்படிப் பட்டினி கிடந்து, இடுப்பெலும்பு துருத்த ஒருநாள் மிதக்கிறது. ‘அதற்கு ஆயுள் அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தவளையை வாங்கக் கிளம்புகிறார்கள். பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காக நரக வேதனைக்கு உள்ளானாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது; நம் மக்தப் பிள்ளைகளுக்கே அது மனப்பாடம். அவள் பூனையைக் கத்தியால் குத்தவில்லை. அடைத்து வைத்தாள், உணவைத் தரவில்லை, அவ்வளவே. மீன் தொட்டியும் அடைப்புத்தான். அந்தப் பெண்ணுக்குரிய ஹதீஸ் அவளுக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டால் அதற்கு நாம் என்ன செய்ய முடியும்!

தண்ணீர் விஷயத்தில் நடப்பது இதைவிடக் கொடியது. தவளையின் தோல் நீரில் உள்ளவற்றை உறிஞ்சும் இயல்புடையது. நம் பகுதியில் பாலாற்றுக் குடிநீர் ஒரு நாள் வரும், லாரித் தண்ணீர் ஒரு நாள் வரும், மீதி நாட்கள் ஆழ்துளைக் கிணறு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தொட்டியில் காவலாளி பிளீச்சிங் பவுடரைக் கையளவு கணக்கில் கொட்டுவார். அந்த நீரை அப்படியே பிடித்துத் தொட்டியில் ஊற்றுவது, அத்தவளையின் உடலெங்கும் குளோரினைப் பூசுவதற்குச் சமம். ஒரு நாள் முழுவதும் வாளியில் திறந்து வைத்து, கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தும் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமானது என்று அதை மட்டுமே ஊற்றுவோரும் உண்டு; தாதுக்கள் நீக்கப்பட்ட அந்த நீரும் தனித்து ஏற்றதல்ல. மீனுக்கு நோய் என்றால் கல்லுப்பும் நீல மருந்தும் போடுவது நம் ஊர் வழக்கம். அதே தொட்டியில் தவளை இருந்தால் மீனுக்கான அந்த வைத்தியம் அதற்குக் கேடாக முடியலாம்.

விற்பவர்களையும் விட்டுவைக்க முடியாது. கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம்; தெற்கேயுள்ள சிறு கடைகள் பல அங்கிருந்துதான் சரக்கு எடுக்கின்றன. வண்ண மீன் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் ஹலாலாகப் பிழைக்கின்றன. அத்தொழிலை நாம் பழிக்கவில்லை. ஆனால் ‘எந்த மீனோடும் போடலாம், பராமரிப்பே வேண்டாம், பாட்டிலில்கூட வளரும்’ என்று சொல்லி ஒருவர் விற்றால், அது பொருளின் குறையை மறைத்து விற்பதுதான். தானியக் குவியலின் அடியில் இருந்த ஈரத்தை மறைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். நம் மாணவன் ஒருவனுக்குக் குள்ளத் தவளை என்று விற்கப்பட்டது வளர வளர உள்ளங்கை அளவாகி, தொட்டியிலிருந்த சிறு மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. அது நகத் தவளை. 1930-களில் கருவுற்றிருப்பதைக் கண்டறியும் சோதனைக்காக ஆய்வுக்கூடங்களில் வளர்க்கத் தொடங்கி, பிறகு உலகெங்கும் பரவிய தென்னாப்பிரிக்க இனம். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று: குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு இருக்கும், நகத் தவளையின் முன்கை விரல்கள் சவ்வின்றித் தனித்தனியாக இருக்கும். வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அது நகத் தவளைதான். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் நம்மைக் காக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மீன் தொட்டி உயிரினக் கடைகளுக்கென மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

அப்படியானால் வளர்ப்பதே கூடாது என்று சொல்லிவிடலாமே என்போர் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு குருவியை வளர்த்தான். நபியவர்கள் அவனைத் தடுக்கவில்லை. அந்தக் குருவியைப் பற்றி அவனிடம் அன்போடு விசாரித்தார்கள். ஹிஜ்ரி 335-இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். சிறுவர்கள் உயிரினம் வளர்ப்பது ஆகுமானது என்பது இந்த ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்த சட்டங்களில் ஒன்று. அல்லாஹ் விரிவாக்கியதை நாம் ஏன் சுருக்க வேண்டும்?

ஆனால் அனுமதிக்கு நிபந்தனை உண்டு. ‘சுல்தானுல் உலமா’ என்று போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), டமாஸ்கஸில் பிறந்து 1262-இல் கெய்ரோவில் மறைந்தவர். மனிதன் மீது கால்நடைகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளைத் தம் நூலில் வரிசைப்படுத்தியிருக்கிறார். கிழமாகி நோயுற்று எந்தப் பயனும் தராமல் போனாலும் அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்கிறார். தங்குமிடத்தைச் செம்மையாக வைக்க வேண்டும் என்கிறார். அவற்றுக்குத் தீங்கு செய்யக்கூடிய வேறு பிராணிகளோடு, தன் இனமாயினும் பிற இனமாயினும், ஒன்றாக அடைக்கக் கூடாது என்கிறார். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த இமாம் மீன் தொட்டியைக் கண்டிருக்க மாட்டார். எனினும் ஏஞ்சல் மீனோடும் ஃபைட்டர் மீனோடும் தவளையைப் போட்டு வைத்திருக்கும் தாம்பரத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஃபத்வா நமக்குத் தெரியவில்லை. இந்நாட்களில் விலங்கு உரிமை என்றால் ஐரோப்பா கண்டுபிடித்தது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். நம் அரபுக் கல்லூரிகளிலும் இப்பக்கங்களை யாரும் விரித்துப் பாடம் நடத்துவதில்லை.

இனி, நாம் மிகவும் வேதனைப்பட்ட ஒன்றைச் சொல்கிறோம். வீட்டில் தவளை வைத்திருப்பது ஹராம், உடனே கொண்டுபோய் ஏரியில் விட்டு நன்மையைத் தேடிக்கொள்ளுங்கள் என்ற குரல் பதிவு ஒன்று நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்தது. பேசியவர் யார் என்று நாம் தேடவில்லை. அதைக் கேட்டுவிட்டு ஏரிக்குச் சென்றவர்கள் இருக்கிறார்கள். விடுதலை என்ற சொல் அழகானது. காங்கோ இனத்துத் தவளையைச் சேலையூர் ஏரியிலோ செம்பாக்கம் ஏரியிலோ விட்டால் அதற்குக் கிடைப்பது விடுதலையா? விரால் மீனுக்கும் கொக்குக்கும் அது ஒரு வாய் இரை. அது இறந்தாலும் தீங்கு அத்தோடு முடியாது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூசணம் உலகில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வி இனங்களைக் குறைத்து, ஏறத்தாழ 90 இனங்களை அடியோடு அழித்திருக்கலாம் என 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான குள்ளத் தவளைகளிலேயே அப்பூசணம் கண்டறியப்பட்டிருக்கிறது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் நீர்நிலைகளில் வீசப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழக ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிப்பதை நாம் கேள்விப்படவில்லையா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தகுதி பெற்றது. நம் ஏரிகளின் உபரி நீர் பல வழிகளில் அங்கே சென்று சேர்கிறது. ஒரு வீட்டின் பத்து நிமிட நன்மைக்காக அங்குள்ள உயிர்களின்மேல் நோயை அனுப்ப நமக்கு யார் உரிமை தந்தது? பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ‘அல்அன்ஆம்’ அத்தியாயத்தின் 38-ஆவது வசனம் கூறுகிறது. ஏரித் தவளைகளும் அதில் அடக்கம்.

வளர்க்க முடியாதவர் செய்ய வேண்டியது வேறு. பராமரிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். வாங்கிய கடையிலேயே திருப்பித் தரலாம், பணத்தைக் கேட்காமல். இறந்த தவளையை ஏரியிலோ கழிப்பறையிலோ போடாமல் மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். தொட்டி நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது.

அந்த நீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை, வீட்டில் வளர்த்த இதே குள்ளத் தவளைகளின் வழியாக சால்மோனெல்லா நோய் பரவியது. 42 மாநிலங்களில் 241 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தவளை நோயுற்றதாகத் தோன்றாது. நீரில் கிருமி இருக்கும். நம் வீடுகளில் தொட்டியை எங்கே கழுவுகிறார்கள்? உளூச் செய்து வாய் கொப்பளிக்கும் வாஷ் பேசினில். சிலர் அடுப்பங்கரைத் தொட்டியில். நஜீஸா என்று கவலைப்பட்டு நம்மிடம் ஓடி வந்தவர்களின் வீட்டிலேயே இதைக் கண்டோம். அதற்கெனத் தனி வாளி, தனிக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். நீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். தொட்டியில் கை வைத்த பிள்ளை சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொட விடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, நோயெதிர்ப்பு குறைந்த முதியவரோ இருக்கும் வீடுகள் இதை வாங்காமல் இருப்பதே நலம்.

சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, தவளைக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த ஆயிரம் பிரச்சினைகளைப் பற்றியும் இவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்பது நம் அனுபவம், அதை விடுங்கள். ஒட்டகம் ஒன்றின் வயிறு ஒட்டிப்போயிருந்ததைக் கண்டு, வாய் பேசாத இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்த நபியவர்களுக்கு அன்று சமுதாயப் பிரச்சினைகள் இல்லாமலா இருந்தன? மேலும், இது தவளையோடு நிற்பதும் அல்ல. மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் வரும் நாட்டுத் தவளையின் மேல் உப்பைக் கொட்டுவதும் செருப்பால் அடிப்பதும் நம் பிள்ளைகளின் கண்முன்னேதான் நடக்கிறது. முறத்தால் தள்ளி வெளியே விட ஒரு நிமிடம் போதும்.

வளர்க்க உறுதி கொண்டவர்களுக்கு நம் வேண்டுகோள் இது. தவளைகளுக்கெனத் தனித் தொட்டி. இரண்டு தவளைகளுக்குக் குறைந்தது இருபது லிட்டர். மேலே இடைவெளியற்ற, காற்று புகும் மூடி, ஏனெனில் வெளியே குதித்தால் தோல் காய்ந்து விரைவில் இறந்துவிடும். நீர் ஓர் அடிக்கு மேல் ஆழம் வேண்டாம். வேகமாக நீரை அடிக்கும் ஃபில்டர் வேண்டாம். மெல்லிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். ஒளிந்துகொள்ளச் செடியோ சிறு மண்சட்டித் துண்டோ, கூர்மையற்றதாக. வளர்ந்த தவளைக்கு வாரத்துக்கு மூன்று முறை உணவு போதும். தின்று முடித்ததா என்று பார்த்து, மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

வெயிலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 24 முதல் 27 டிகிரி வரையுள்ள நீரே இதற்கு ஏற்றது. மே மாதத்தில் பள்ளி விடுமுறை விட்டதும் வீட்டைப் பூட்டிவிட்டு கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் பத்து நாள் புறப்பட்டுவிடுகிறோம். மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம், ஃபில்டரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள பூட்டிய அறையில் அந்த நீர் எவ்வளவு சூடேறும் என்று ஒரு நாள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். புறப்படும் முன் தொட்டியை வெயில் படாத அறைக்கு மாற்றி, ஃபில்டர் ஓடும் இணைப்பை மட்டும் அணைக்காமல் விட்டு, சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, எந்தெந்த நாளில் எவ்வளவு புழு போட வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். சாவி கொடுக்க ஆள் இல்லாதவர்கள் இந்த விடுமுறை முடியும் வரை தவளை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.